ஒன்பது மாதம் காத்திருக்க வைத்த கத்தி

1953ஆம் ஆண்டு. சரக்குக் கப்பலில் வேலை பார்த்துவந்த ராபர்ட் லவ்லெஸ் என்ற இருபத்து நான்கு வயது இளைஞர், நியூயார்க்கில் இருந்த அபர்குரோம்பி அண்ட் ஃபிட்ச் கடைக்குள் நுழைந்தார். இன்று துணிமணிகளுக்குப் பேர்போன அந்த நிறுவனம் அன்றைக்கு வேட்டைக்கும் மீன்பிடிக்கும் போகிறவர்களுக்கான சாமான்களை விற்றுவந்தது. லவ்லெஸ் கேட்டது ஒரு ராண்டல் கத்தி. பணம் கட்டிவிட்டு ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும் என்று கடைக்காரர்கள் சொன்னார்கள்.

அவர் காத்திருக்கவில்லை. நியூவார்க் நகரில் பழைய கார்களைப் பிரித்துப் போட்டிருந்த ஓர் இடத்தில் 1937ஆம் வருடத்து பேக்கார்ட் காரின் ஸ்பிரிங் பட்டை ஒன்றைப் பிடித்தார். கப்பலின் சமையலறை அடுப்பில் அதைப் பழுக்கக் காய்ச்சி, தட்டி, ராவித் தானே ஒரு கத்தியைச் செய்து முடித்தார். பிறகு அதே கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினார். அடுத்த ஆண்டு தொடங்கி 1960 வரை லவ்லெஸ் செய்த கத்திகள் அந்தக் கடையிலேயே விற்றன.

அவர் கேட்டுப்போன ராண்டல் கத்திக்கும் ஒரு பிறப்புக் கதை உண்டு. ஃபுளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோவில் ஆரஞ்சுத் தோப்பு வைத்திருந்தவர் போ ராண்டல். 1937இல் மிச்சிகன் மாநிலத்து வாலூன் ஏரிக்கரையில் ஒருவர் படகின் பழைய பெயின்டைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். அவ்வளவு சுரண்டியும் கத்தியின் கூர் மழுங்கவில்லை. வில்லியம் ஸ்கேகல் என்ற தனி ஆள் தன் பட்டறையில் செய்த கத்தி அது. ராண்டல் அதையே விலைக்கு வாங்கிக்கொண்டார். ஊர் திரும்பியதும் தானும் செய்து பார்க்க ஆரம்பித்தார். இரண்டாம் உலகப் போரில் அவருடைய கத்திகள் சிப்பாய்களின் இடுப்பில் ஏறின. இன்றும் அந்தப் பட்டறையில் புதிதாக ஆர்டர் கொடுத்தால் கத்தி கைக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும்.

கையால் செய்த கத்தி ஒன்றுக்காக மனிதர்கள் வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள், முந்நூறு டாலரிலிருந்து பல ஆயிரம் டாலர் வரை கொடுக்கிறார்கள். இத்தனைக்கும் ஸ்வீடனின் மோரா ஊர்ப் பக்கம் தயாராகும் மோராக்னிவ் கத்தி அமெரிக்காவில் இருபது டாலர் அளவில் கிடைக்கிறது. பிளாஸ்டிக் பிடி, பிளாஸ்டிக் உறை, 104 மில்லிமீட்டர் நீள அலகு. மரம் செதுக்கலாம், கயிறு அறுக்கலாம், மீனைச் சுத்தம் செய்யலாம். காட்டில் எப்படி வாழ்வது என்று வகுப்பெடுக்கும் ஆசிரியர்கள் பலர் மாணவர்கள் கையில் முதலில் கொடுப்பது இதைத்தான். அப்படியானால் நானூறு டாலர் கத்தி அதைவிட இருபது மடங்கு நன்றாக வெட்டுமா?

வெட்டாது. இதை முதலிலேயே சொல்லிவிட்டுப் பேசுவதுதான் நியாயம். ஆனால் விலை எங்கே போகிறது என்று பார்த்தால், கையால் செய்யும் கத்தியை ஏமாற்று வேலை என்று ஒதுக்கிவிடவும் முடியாது.

இங்கே பேசப்படுவது மடங்காத கத்தி. மடக்குக் கத்தியில் ஒரு மூட்டு இருக்கும். ஆட்டம் காண்பது, அழுக்கு சேர்வது எல்லாம் அங்கேதான். மடங்காத கத்தியில் அலகும் பிடிக்குள் போகும் காம்பும் ஒரே எஃகுத் துண்டு. மறைக்க எதுவும் இல்லாத பொருள் என்பதால் செய்தவரின் கைத்திறனும் அவசரமும் அதில் அப்படியே தெரியும்.

செலவில் எஃகின் பங்கு ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவு. சாதாரணக் கார்பன் எஃகு என்றால் ஒரு கத்திக்கு வேண்டிய பட்டை பத்து, பதினைந்து டாலருக்குள் அடங்கிவிடும். நவீன வகைகள் கூடுதல் விலை. என்றாலும் கத்தியின் முழு விலையோடு ஒப்பிட்டால் அதுவும் சின்னத் தொகைதான். மீதி எல்லாம் மனிதனின் நேரம். பட்டையை வடிவத்துக்கு வெட்ட வேண்டும். இரண்டு பக்கச் சரிவுகளையும் ஒன்றுக்கொன்று ஒத்துவரும்படி பெல்ட் சாணையில் இழைக்க வேண்டும். உலையில் வைத்து, எண்ணெயில் தோய்த்து, மறுபடி இளஞ்சூடு காட்ட வேண்டும். அதன்பின் உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றிக்கொண்டு மணிக்கணக்கில் கையால் தேய்க்க வேண்டும். கடைசியாகப் பிடியைப் பொருத்தி, ஆணி அடித்து, கைக்கு இதமாக உருட்டி, தோல் உறை தைக்க வேண்டும். எளிய வேட்டைக் கத்திக்கே இதில் பத்துப் பதினைந்து மணி நேரம் போய்விடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கத்தி 450 டாலர் என்று வைத்துக்கொள்வோம். எஃகு, பிடிக்கான மரம், சாணை பெல்ட், பசை, தோல் எல்லாம் சேர்த்து நூறு டாலர். மிச்சம் 350. பதினைந்து மணி நேர உழைப்பு என்றால் மணிக்கு 23 டாலர் சொச்சம். அதிலிருந்துதான் கரன்ட் பில்லும், இரண்டாயிரம் டாலருக்குக் குறையாத நல்ல சாணை இயந்திரத்தின் தவணையும், வரியும், தோய்க்கும்போது வளைந்தோ வெடித்தோ குப்பைக்குப் போன அலகுகளின் நஷ்டமும் கழிய வேண்டும். விலையைக் கேட்டு மலைக்கிறவர்கள் அந்த விலையில் கத்தி செய்பவருக்கு என்ன மிஞ்சுகிறது என்பதையும் ஒரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கத்தியின் உயிர் தீயில் இருக்கிறது. இதை விளக்காமல் விலையைப் பற்றிப் பேசுவதில் பொருளே இல்லை. 1084 என்று எண் போட்டு அழைக்கப்படும் எஃகை எடுத்துக்கொள்வோம். அதில் கார்பன் சுமார் 0.84 சதவீதம். ஏறத்தாழ 770 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் இரும்பு காந்தத்தில் ஒட்டாமல் போகும். அதற்கும் சற்று மேலே, 800 முதல் 815 டிகிரிக்குள் கார்பன் இரும்புக்குள் கரைந்து நிற்கும். அந்த நேரம் பார்த்து எண்ணெயில் தோய்த்தால் அணுக்கள் பழைய இடத்துக்குத் திரும்ப நேரமில்லாமல் இறுகிப்போகும். கடினம் அப்போதுதான் வருகிறது. ஆனால் அந்த நிலையில் அலகு கண்ணாடி போல. கீழே விழுந்தால் உடையும். அதனால் 200 டிகிரி வாக்கில் இரண்டு மணி நேரம் என இரண்டு முறை சூடுகாட்டி முறுக்கைத் தளர்த்துகிறார்கள். உலையில் சூடு கொஞ்சம் ஏறிவிட்டாலும் எஃகின் மணிகள் பெருத்துக் கத்தி நொறுங்கும் தன்மை அடையும். சூடு குறைந்தால் கூர் நிற்காது. முடிந்த கத்தியை வெளியே இருந்து பார்க்கிறவருக்கு இரண்டு குறையும் தெரியாது.

இந்த இடத்தில் தொழிற்சாலையின் பக்கமும் நியாயம் இருக்கிறது. கணினி கட்டுப்படுத்தும் உலையில் ஆயிரமாவது அலகும் முதல் அலகைப் போலவே வெந்து வரும். வீட்டுக் கொட்டகையில் அடுப்பின் நிறத்தைக் கண்ணால் பார்த்துச் சூட்டை மதிப்பிடுகிறவரால் அதைச் சொல்ல முடியாது. அமெரிக்காவின் பக் நிறுவனம் விற்கும் 119 மாதிரி வேட்டைக் கத்தியில் 420ஹெச்சி என்ற விலை குறைந்த எஃகுதான் இருக்கிறது. ஆனால் பால் பாஸ் என்ற நிபுணர் வகுத்துக் கொடுத்த பக்குவத்தில் அதை வேகவைப்பதால் தன்னைவிட விலை உயர்ந்த எஃகுகளுக்கு ஈடுகொடுக்கிறது. துருப்பிடிக்காத எஃகு வகைகளுக்கு ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடும், சிலவற்றுக்குப் பிறகு உறைநிலைக்கு மிகக் கீழான குளிரும் தேவைப்படும். அதனால் கையால் செய்பவர்கள் பலரே அலகை இழைத்துவிட்டு, வேகவைக்கும் வேலைக்கு அதற்கென்றே இருக்கும் நிறுவனங்களுக்கு அனுப்புகிறார்கள். அதை மறைக்காமல் சொல்லும் கைவினைஞரை நம்பி வாங்கலாம்.

கையால் செய்த கத்தி உண்மையிலேயே முந்துவது கூரின் வடிவத்தில். கூருக்கு நேர் பின்னால் அலகு எவ்வளவு மெல்லியதாக இருக்கிறது என்பதைப் பொறுத்தே கத்தி பொருளுக்குள் வழுக்கிக்கொண்டு போவதும் ஆப்பு போலச் சிக்கி நிற்பதும். தொழிற்சாலை அந்த இடத்தைச் சற்றுத் தடிமனாகவே விட்டுவைக்கும். வாங்குகிற லட்சம் பேரில் யாரோ ஒருவர் கத்தியை வைத்து டப்பா மூடியை நெம்புவார். உடைந்தால் மாற்றித் தர வேண்டியது நிறுவனம். தனி ஆளுக்கு அந்தக் கவலை குறைவு. வாங்குகிறவர் மான் உரிக்கப் போகிறாரா, விறகு பிளக்கப் போகிறாரா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அரை மில்லிமீட்டருக்கும் கீழே இழைத்துக் கொடுக்க முடியும். எஃகு ஆராய்ச்சியாளர் லாரின் தாமஸ் நாற்பதுக்கும் மேற்பட்ட எஃகு வகைகளில் கத்தி செய்து, ஒரே கோணத்தில் கூராக்கி, இயந்திரத்தில் அட்டையை அறுக்க வைத்துப் பரிசோதித்தவர். மேக்னாகட் என்ற எஃகை வடிவமைத்து 2021இல் வெளிக்கொண்டு வந்தவரும் அவரே. கூரின் கோணத்தைக் குறைத்தால் கிடைக்கிற பலன் எஃகை மாற்றினால் கிடைப்பதைவிடப் பெரிது என்பது அவர் பரிசோதனைகளில் திரும்பத் திரும்ப வெளிப்பட்டது. எஃகின் பெயரைக் கேட்டே விலை கொடுப்பவர்களுக்கு இது கசப்பான செய்திதான்.

லவ்லெஸின் பெருமையும் வடிவத்தில்தான் இருந்தது. அவர் பிரபலமாக்கிய வேட்டைக் கத்தியில் முதுகுக்கோடு முனையை நோக்கிச் சற்றுத் தாழ்ந்து இறங்கும். காரணம் அழகுக்காக மட்டும் இல்லை. மானின் வயிற்றைத் திறக்கும்போது முனை மேல்நோக்கி இருந்தால் குடலில் குத்தி இறைச்சி முழுக்கக் கெட்டுப்போகும்; முனை தாழ்ந்திருந்தால் அந்த ஆபத்து குறைவு. பிடிக்குள் போகும் காம்பையும் கடைசி வரை மெலிந்துகொண்டே போகும்படி இழைத்தார். கனம் குறைந்து கத்தி கையில் சமமாக உட்காரும். ஜெட் எஞ்சின் பாகங்களுக்கான 154சிஎம் எஃகை 1970களின் தொடக்கத்தில் கத்திக்குக் கொண்டுவந்ததும் அவரே. 2010இல் அவர் இறந்த பிறகும் உலகெங்கும் கத்தி செய்பவர்கள் அந்த வடிவத்தைச் செய்துதான் கை பழகுகிறார்கள்.

செய்பவரின் திறமையை வாங்குகிறவர் எப்படித் தெரிந்துகொள்வது? இதற்கு அமெரிக்காவில் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். மேரிலாந்தைச் சேர்ந்த பில் மோரன் என்ற கொல்லர் வேறு சிலரோடு சேர்ந்து 1976இல் அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கத்தைத் தொடங்கினார். அங்கே முதல் படித் தகுதி பெற விரும்புகிறவர் தன் கையால் அடித்த கத்தியோடு தேர்வுக்கு வர வேண்டும். தொங்கவிட்ட ஓர் அங்குலத் தடிமன் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். இரண்டுக்கு நாலு அங்குல மரச்சட்டத்தை இரண்டு முறை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதன் பிறகும் அந்தக் கூர் கையில் உள்ள முடியை மழிக்க வேண்டும். கடைசியாகக் கத்தியைப் பட்டறைப் பிடியில் இறுக்கி 90 டிகிரி வளைப்பார்கள். கூரில் விரிசல் விழலாம், ஆனால் அலகு இரண்டாக உடையக் கூடாது. கூரில் கடினமும் முதுகில் வளையும் குணமும் ஒரே எஃகுத் துண்டுக்குள் சேர்ந்திருந்தால்தான் இது நடக்கும். பல நாள் உழைத்துச் செய்த கத்தியைத் தன் கண்ணெதிரே வளைத்து வீணாக்கக் கொடுத்துவிட்டுத்தான் அந்தக் கொல்லர் தகுதியைப் பெற்றுக்கொண்டு வெளியே வருகிறார்.

இந்த வழியில் வந்தவர்தான் பாப் கிரேமர். ரிங்லிங் பிரதர்ஸ் சர்க்கஸில் கோமாளியாக இருந்தவர். பிறகு சமையலறைகளில் வேலை பார்த்தார், சியாட்டிலில் உணவகங்களின் கத்திகளைச் சாணை பிடித்துக் கொடுக்கும் தொழில் நடத்தினார். பெரிய விலை கொடுத்து வாங்கிய கத்திகள் எப்படியெல்லாம் சோடை போகின்றன என்று தினமும் கையால் தொட்டுப் பார்த்த அனுபவம் அவருக்கு அங்கே கிடைத்தது. கொல்லர் சங்கத்தின் பள்ளியில் பயின்று, மேல்படித் தகுதியும் பெற்று, சமையல் கத்திகளில் பேர் எடுத்தார். ஆர்டர்கள் குவிந்து தாங்காமல் குலுக்கலிலும் ஏலத்திலும் விற்கத் தொடங்கினார்.

சமையல் கலைஞரும் எழுத்தாளருமான ஆண்டனி போர்டெய்னிடம் கிரேமர் செய்த கத்தி ஒன்று இருந்தது. எஃகோடு விண்கல் இரும்பையும் சேர்த்துச் செய்தது. போர்டெய்ன் இறந்த மறு வருடம், 2019 அக்டோபரில் அது ஏலத்துக்கு வந்தது. நாலாயிரத்திலிருந்து ஆறாயிரம் டாலர் போகும் என்று ஏலக்காரர்கள் மதிப்பிட்டிருந்தார்கள். போனது 2,31,250 டாலர்.

அந்தத் தொகையை வைத்துக் கைவினைக் கத்தியின் விலையை எடைபோடக் கூடாது. அன்றைக்கு விற்றது கிரேமரின் கைத்திறன் மட்டும் இல்லை, ஒரு பிரியமான மனிதரின் நினைவும்தான். லவ்லெஸின் பழைய கத்திகள் பல ஆயிரம் டாலருக்குக் கைமாறுவதும் இதே காரணத்தால். செய்தவர் இறந்துவிட்டார், இனி புதிது வராது. வெட்டுவதற்காகக் கத்தி தேடுகிறவருக்கு இந்தச் சந்தை சம்பந்தமில்லாதது. கிரேமரின் வடிவத்தில் ஸ்வில்லிங் நிறுவனம் ஆலையில் செய்து விற்கும் கத்திகளே நல்ல சமையல்காரருக்குத் தாராளமாகப் போதும்.

அலகில் நீரலை போல ஓடும் கோடுகளுக்காகக் கூடுதல் விலை கொடுக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. இன்று டமாஸ்கஸ் என்ற பேரில் விற்பது பெரும்பாலும் இரண்டு வகை எஃகை அடுக்கி, உலையில் ஒட்ட அடித்து, மடித்து மடித்துச் செய்வது. 1973இல் பில் மோரன் அப்படிச் செய்த கத்திகளைக் கண்காட்சியில் வைத்த பிறகுதான் அமெரிக்காவில் இந்த மோகம் பிடித்தது. அமிலத்தில் நனைத்ததும் கோடுகள் எழும். பார்க்க அழகு, அடிக்க அபாரத் திறமை வேண்டும். ஆனால் அந்தக் கோட்டால் கத்தி கூடுதலாக வெட்டப்போவதில்லை. பழைய டமாஸ்கஸ் வாள்களின் எஃகு வேறு. மண் மூசையில் உருக்கி எடுத்து, தென்னிந்தியாவிலிருந்து மேற்கே போன உருக்கு அது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் அகழாய்வில் கிடைத்த உலைத் தடயங்கள் இங்கே இரும்பும் எஃகும் செய்த தொழில் எவ்வளவு பழையது என்று காட்டுகின்றன. அந்த உருக்கில் வரி எப்படி விழுந்தது என்பதை ஃபுளோரிடாவில் குதிரைக்கு லாடம் அடித்துவந்த ஆல்ஃபிரட் பென்ட்ரேயும் உலோகவியல் பேராசிரியர் ஜான் வெர்ஹோவனும் சேர்ந்து 1990களில் கண்டுபிடித்தார்கள். தாதுவில் துளியளவு கலந்திருந்த வனேடியம் போன்ற தனிமங்கள்தான் அதற்குக் காரணம்.

லவ்லெஸ் செய்த முதல் கத்தியின் கதையைக் கேட்டால் திருப்பாச்சேத்திப் பட்டறைக்காரர் எவரும் வியக்க மாட்டார். அங்கே லாரி ஸ்பிரிங் பட்டையில் அரிவாள் அடிப்பது அன்றாட வேலை. இளநீர் வெட்டுகிறவருக்கு ஒரு கனம், பாளை சீவுகிறவருக்கு ஒரு வளைவு என்று ஆளையும் வேலையையும் கேட்டு அடித்துக் கொடுப்பதுதான் நம் கொல்லர்களின் வழக்கம். அமெரிக்காவில் தனிக் கத்தி என்று நூற்றுக்கணக்கான டாலருக்குக் கிடைக்கிற அதே சேவைக்கு இங்கே சில நூறு ரூபாய் கொடுக்கவே பேரம் பேசுகிறோம். ஒரே உழைப்புக்கு இவ்வளவு வித்தியாசமான மதிப்பு இருப்பது வேதனை தருகிறது.

சரி, வாங்கலாமா? எப்போதாவது பழம் நறுக்கவும் பார்சல் பிரிக்கவும் கத்தி வேண்டும் என்பவர் மோராக்னிவ் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். கையில் காப்புக் காய்த்துப்போகும் அளவுக்குத் தினமும் கத்தி பிடிக்கிற வேட்டைக்காரர், தச்சர், சமையல்காரர் போன்றவர்களுக்குக் கதை வேறு. பெரிய கை, சின்ன கை, இடது கை என்று பார்த்து இழைத்த பிடி மணிக்கட்டு வலியைக் குறைக்கும். மெல்லிய கூர் பாதி பலத்தை மிச்சப்படுத்தும். அவர்களுக்கு முந்நூறிலிருந்து அறுநூறு டாலர் வரை கொடுப்பது வீண் செலவு ஆகாது. அதற்கு மேலே போகிற ஒவ்வொரு டாலரும் மெருகுக்கும் அரிய மரப்பிடிக்கும் செய்தவரின் பேருக்கும் போகிறது. அழகுக்குக் காசு கொடுப்பதில் குற்றம் ஏதும் இல்லை. எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்திருந்தால் சரி.

வாங்கும் முன் செய்தவரிடம் சில விஷயங்களைக் கேட்டுவிடுவது நல்லது. அலகை யார் வேகவைத்தது, கடினத்தை அளந்து பார்த்தார்களா, கூருக்குப் பின்னால் தடிமன் எவ்வளவு என்ற கேள்விகளுக்குத் தயங்காமல் பதில் வர வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி பின்னாலே வரப்போகும் பராமரிப்பைப் பற்றியது. சாணை பிடிக்கப் பிடிக்கக் கூர் அலகின் தடிமனான பகுதியை நோக்கி ஏறிக்கொண்டே போகும். ஐந்தாறு வருடம் கழித்து, எவ்வளவு தீட்டினாலும் முன்போல் வெட்டவில்லையே என்று தோன்றும். அப்போது பக்கச் சரிவுகளை மறுபடி மெலிதாக இழைத்தாக வேண்டும். அலகு எங்கே எவ்வளவு கடினம், எந்த இடத்தில் சூடு பட்டால் பதம் போய்விடும் என்று அதைச் செய்த கைக்குத்தான் நன்றாகத் தெரியும். கத்தியைத் திருப்பி அனுப்பினால் அந்த வேலையைச் செய்து தருவாரா என்பதை ஆர்டர் கொடுக்கும் நாளிலேயே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.